பழைய கணினியும் புதிய இயங்குதளமும்



தைத் திங்கள் பிறப்பதற்கு முந்திய நாளில் நம் இல்லங்களில் போகி கொண்டாடுகிறோம். வேண்டாதவற்றைக் கழித்து, சுவருக்கு வெள்ளையடித்து, புதுப்பானைக்கு இடம் செய்யும் நாள் அது. ஆயினும் பட்டறிவுடைய இல்லத்தலைவி எவரும் பரணில் கிடக்கும் பெட்டியைத் திறந்து பாராமல் வாசலில் எறிந்துவிட மாட்டார். கிழிந்த துணியோடு நிலப்பத்திரமும் கிடக்கலாம்; உடைந்த பெட்டிக்குள் தாத்தாவின் கடிதக் கட்டு இருக்கலாம். பிரித்துப் பார்த்து, காப்பதைக் காத்த பின்னரே கழிப்பதைக் கழிக்கிறோம். இந்த எளிய முறைமையை நம் வீட்டுக் கணினிக்கும் பொருத்திப் பார்ப்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

தலைநகரின் தென்பகுதியில், ஐ.என்.ஏ. சந்தைக்கும் அகில இந்திய மருத்துவ நிலையத்துக்கும் அருகே அமைந்தது கிட்வாய் நகர். சுதந்திர இந்தியாவின் முதல் தகவல் தொடர்பு அமைச்சராக விளங்கிய ரஃபி அகமது கிட்வாயின் பெயரைத் தாங்கியது. மத்திய அரசு ஊழியர்க்கென எழுந்த இக்குடியிருப்பில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வந்திருக்கின்றன. அடுத்துள்ள இலட்சுமிபாய் நகரில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி இருப்பதும் இதற்கு ஒரு காரணம். கிழக்குக் கிட்வாய் நகரின் பழைய வீடுகளை இடித்து, என்.பி.சி.சி. என்னும் அரசு நிறுவனம் அங்கே பல மாடிக் கட்டடங்களை எழுப்பியதை அப்பகுதியினர் கண்டிருக்கிறார்கள். ஒரு வீட்டைச் செப்பனிட்டு வாழ்வதா, இடித்துக் கட்டுவதா, வேறிடம் பெயர்வதா என்னும் கேள்வி அவர்களுக்குப் புதியதன்று. வீட்டுக் கணினியைப் பற்றியும் இதே மூன்று கேள்விகள்தாம் இன்று எழுந்துள்ளன.

அங்குள்ள ஓர் அரசு ஊழியரின் இல்லத்தை எண்ணிக்கொள்வோம். 2013இலோ 2014இலோ வாங்கிய கணினி ஒன்று கூடத்தின் மூலையில் இருக்கிறது. விண்டோஸ் 7உடன் வந்தது. பின்னர் இலவசமாகக் கிடைத்தபோது விண்டோஸ் 10க்கு மாற்றப்பட்டது. பிள்ளைகளின் பள்ளிக் கட்டுரைகளும், திருமணப் புகைப்படங்களும், வருமானவரிக் கணக்குகளும் அதில் உள்ளன. வீட்டுப் பெரியவர் ஓய்வு பெற்றபின் தட்டெழுதிய குடும்ப வரலாறும் அதில் இருக்கிறது. தஞ்சை மாவட்டத்துச் சிற்றூரிலிருந்து தில்லிக்கு வந்த கதை அது. வேறு படி எதுவும் கிடையாது. இப்பொழுது திரையில், "இக்கணினிக்கு இனி ஆதரவு இல்லை" என்னும் பொருள்பட ஓர் அறிவிப்பு வருகிறது. என் செய்வது?

முதலில், இயங்குதளம் என்பது யாது என்று தெளிவோம். கணினியின் வன்பொருள் வெறும் கம்பியும் சில்லும்தான். விசைப்பலகையில் தட்டிய எழுத்தைத் திரைக்குக் கொண்டு செல்வதும், கோப்புகளைத் தட்டில் இடம் அறிந்து வைப்பதும், அச்சுப்பொறிக்கு ஆணையிடுவதும், ஒரு நிரல் மற்றொன்றின் இடத்தில் புகாமல் காப்பதும் இயங்குதளத்தின் கடமைகள். ஓர் அலுவலகத்தின் நிருவாகப் பிரிவைப் போன்றது அது. நிருவாகம் மாறினால் அலுவலகக் கட்டடம் மாறுவதில்லை. கோப்பறையும் மாற வேண்டியதில்லை. ஆனால் மாற்றம் முறையாக நடைபெறாவிடில் கோப்புகள் காணாமற்போகும்.

விண்டோஸ் 10 என்னும் இயங்குதளம் 2015 ஜூலை 29ஆம் நாள் வெளிவந்தது. பத்தாண்டுகளுக்குப் பின், 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதற்குரிய பொது ஆதரவை முடித்துக்கொண்டது. இதன் பொருளைச் சிலர் பிறழ உணர்கின்றனர். அந்நாளோடு கணினி நின்றுவிடுவதில்லை. நேற்று இயங்கியதுபோல் இன்றும் இயங்கும், கோப்புகள் திறக்கும், பாட்டும் கேட்கும். நின்றுபோவது காவல் ஒன்றுதான். எந்த மென்பொருளிலும் குற்றங்கள் இருக்கும். அவை காலப்போக்கில் வெளிப்படும். வெளிப்பட்டவற்றை அடைக்கும் திருத்தங்களை ஆக்கியோர் மாதந்தோறும் அனுப்புவர். ஆதரவு முடிந்தபின் ஓட்டை தெரியும்; அடைப்பார் இல்லை.

இதனால் விளையும் தீமை எத்தகையது என்பதற்கு 2017ஆம் ஆண்டு சான்றாகும். விண்டோஸில் இருந்த ஒரு குற்றத்துக்கு அவ்வாண்டு மார்ச் மாதத்தில் திருத்தம் வெளியாயிற்று. இரண்டு திங்கள் கழித்து, மே 12ஆம் நாள், "வான்னாக்ரை" என்னும் தீநிரல் அதே குற்றத்தின் வழியாக உலகெங்கும் பரவியது. புகுந்த கணினியில் உள்ள கோப்புகளையெல்லாம் மறையெழுத்தாக மாற்றிப் பூட்டி, விடுவிக்கப் பணம் கேட்டது. ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கணினிகள் தாக்குண்டன. பிரித்தானிய மருத்துவமனைகளில் நோயாளிகளைத் திருப்பி அனுப்பும் நிலை நேர்ந்தது. மார்ச்சுத் திருத்தத்தைப் பெற்றிருந்த கணினிகள் அந்தப் பூட்டின் வழியே நுழைந்த பகைவனுக்கு இடங்கொடுக்கவில்லை. வங்கிக் கணக்கைத் திறப்பதற்கும், ஓய்வூதிய விவரங்களைப் பார்ப்பதற்கும், ஆதார் எண்ணை இடுவதற்கும் பயன்படும் கணினியில் இக்காவல் இல்லாதிருப்பது, இரவில் தெருக்கதவைத் தாழிடாமல் உறங்குவதை ஒக்கும்.

ஆதரவு முடிந்த பின்னும் ஓராண்டுக் காலம், அதாவது 2026 அக்டோபர் 13 வரை, பதிவு செய்துகொள்ளும் வீட்டுக் கணினிகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதாக அந்நிறுவனம் அறிவித்தது. அது முடிவு செய்வதற்கான அவகாசமேயன்றி முடிவு ஆகாது.

சரி, அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் 11க்கு மாறிவிடலாமே என்று கேட்கலாம். 2021 அக்டோபரில் வெளிவந்த அப்பதிப்பு எல்லாக் கணினிகளையும் ஏற்பதில்லை. 4 ஜிகாபைட் நினைவகமும் 64 ஜிகாபைட் சேமிப்பிடமும் வேண்டும் என்பது எளிய விதி. பழைய கணினிகளிலும் அவை இருக்கும். இடர் தருவன வேறு இரண்டு. டி.பி.எம். 2.0 என்னும் காவல் சில்லு இருத்தல் வேண்டும். கடவுக்குறிகளையும் மறைத்திறவுகளையும் தனியே பூட்டி வைக்கும் சிறு பெட்டகம் அது. அன்றியும், செயலி ஏறத்தாழ 2017ஆம் ஆண்டின் பிற்பகுதிக்குப் பின் வந்ததாக இருத்தல் வேண்டும். இன்டெல் எனில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையும். பழைய இரண்டடுக்கு வீட்டில் புது மின்கம்பி இழுக்கலாம், குழாய் மாற்றலாம், மின்தூக்கி வைக்க முடியாது. 2014ஆம் ஆண்டுக் கணினியின் நிலை இத்தகையது.

ஆகவே கணினிகளை மூன்று வகையாகப் பிரித்துக் காண்போம்.

முதல் வகை, 2018க்குப் பின் வாங்கியவை. இவற்றுள் பல, "தகுதியில்லை" என்று அறிவிக்கப்பட்டாலும் உண்மையில் தகுதியுடையனவே. டி.பி.எம். சில்லின் பணியைச் செயலியே செய்யும் வசதி இவற்றில் இருந்தும், தயாரித்தோர் அதனை அணைத்து வைத்து விற்றிருப்பர். கணினி தொடங்கும்போது தோன்றும் அமைப்புத் திரையில் அதனை இயக்கிவிட்டால் போதும். இன்டெல் கணினிகளில் பி.டி.டி. என்றும், ஏ.எம்.டி. கணினிகளில் எஃப்.டி.பி.எம். என்றும் அதன் பெயர் காணப்படும். மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இலவசமாகத் தரும் "பி.சி. ஹெல்த் செக்" என்னும் சிறு நிரல், எந்தத் தகுதி குறைகிறது என்பதைத் தனித்தனியே எடுத்துக் கூறும். புதிய கணினி வாங்குமாறு எவரேனும் அறிவுரை கூறினால், அதற்குமுன் இந்தச் சோதனையைச் செய்து பார்ப்பது நன்று.

இரண்டாம் வகை, 2010க்கும் 2017க்கும் இடைப்பட்டவை. நாம் எண்ணிக்கொண்ட கிட்வாய் நகர்க் கணினி இவ்வகையினது. இவற்றில் விண்டோஸ் 11 முறையாக அமையாது. சோதனையை ஏமாற்றி ஏற்றிவிடும் உபாயங்கள் உண்டு. கடைவீதிகளில் சில நூறு ரூபாய்க்கு அதைச் செய்து தருவோரும் உண்டு. ஆனால் அவ்வாறு ஏற்றிய கணினிக்குத் திருத்தங்கள் தொடர்ந்து வரும் என்பதற்கு நிறுவனம் உறுதி கூறவில்லை. எந்தக் காவலுக்காக மாற்றம் செய்கிறோமோ அந்தக் காவலே ஐயத்துக்கு இடமாகிவிடும். உரிமம் இல்லாத திருட்டுப்படியை ஏற்றுவோரைப் பற்றிக் கூறவே வேண்டா. திறவுகோலைத் திருடனிடமே கொடுத்துப் பூட்டுச் செய்யச் சொல்வது போன்றது அது. இவ்வகைக் கணினிகளுக்கு வேறு நல்வழி உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

மூன்றாம் வகை, 2010க்கு முந்தியவை. இவற்றுள் சில 32 இருமத்தில் இயங்குவன. அத்தகைய இயங்குதளம் 2இன் 32ஆம் மடக்காகிய சுமார் 429 கோடி முகவரிகளையே கொள்ளும்; ஆகவே ஒரு நிரலுக்கு 4 ஜிகாபைட்டுக்கு மேல் நினைவிடம் காட்ட இயலாது. இன்றைய இயங்குதளங்கள் பலவும் இவற்றைக் கைவிட்டு வருகின்றன. விண்டோஸ் 11 64 இருமத்தில் மட்டுமே வந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13உம் இவற்றுக்குரிய நிறுவு தட்டைத் தரவில்லை. இவ்வகைக் கணினியை இணையத்தோடு இணைக்காமல், பழைய கோப்புகளைத் திறந்து பார்க்கும் கருவியாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். அதற்கும் ஒரு பயன் உண்டு என்பது சற்று நேரத்தில் புலப்படும்.

எவ்வகைக் கணினியாயினும், முதற்பணி ஒன்றே. அது கோப்புகளைப் படியெடுத்தல்.

நம் முன்னோர் பனையோலையில் எழுதினர். ஓலை செல்லரிக்கும், நாளடைவில் பொடியும். ஆதலால் தலைமுறைதோறும் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஓலையில் பெயர்த்தெழுதினர். அப்பணி தடைப்பட்ட இடங்களில் நூல்கள் அழிந்தன. தொடர்ந்த இடங்களில் பிழைத்தன. உ.வே. சாமிநாத ஐயர் ஊர் ஊராக அலைந்து ஏடுகளைத் தேடியதன் காரணம் இதுதான். ஒரே நூலுக்குப் பல ஏடுகள் கிடைத்தபோதுதான் 1887இல் சீவகசிந்தாமணியைப் பிழைநீக்கிப் பதிப்பிக்க அவரால் இயன்றது. கணினியின் வன்தட்டும் ஓர் ஓலைதான். நிமிடத்துக்கு 5,400 முறையோ 7,200 முறையோ சுழலும் அத்தட்டு, பத்தாண்டு கழிந்தபின் எந்நாள் நிற்கும் என்று எவராலும் கூற இயலாது.

படியெடுப்பதற்கு நல்லோர் வகுத்த விதி ஒன்றுண்டு. மூன்று படிகள், இரண்டு வகைப் பொருள்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே. கணினியில் உள்ளது ஒரு படி. தனி வன்தட்டில் எடுத்து அலமாரியில் வைப்பது இரண்டாவது. உடன்பிறந்தார் வீட்டிலோ, இணையச் சேமிப்பகத்திலோ வைப்பது மூன்றாவது. 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தபோது, கணினியும் அதன் அருகே வைத்திருந்த படியும் ஒருங்கே நனைந்திருந்தால் இரண்டாம் படியால் என்ன பயன்?

புகைப்படங்களையும் கடிதங்களையும் எடுப்பதற்கு எவரும் மறப்பதில்லை. மறக்கப்படுவன வேறு. உலாவியில் சேர்த்து வைத்த கடவுச்சொற்கள்; கணினியிலேயே தங்கியிருக்கும் மின்னஞ்சல் கோப்பு; கணக்கு மென்பொருளின் தரவு; விலைகொடுத்து வாங்கிய நிரல்களின் உரிம எண்கள்; அச்சுப்பொறியின் பெயரும் மாதிரி எண்ணும். இவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளல் வேண்டும். படியெடுத்த பின் அத்தட்டை வேறொரு கணினியில் இணைத்து, பத்துக் கோப்புகளையேனும் திறந்து பார்த்தல் வேண்டும். திறந்து பாராத படி, பெயரளவில் படியே.

இவ்விடத்தில் தமிழர் மட்டும் சிறப்பாகக் கருத வேண்டிய ஒன்றுண்டு. ஆங்கிலத்தில் எழுதிய கடிதம் எந்தக் கணினியிலும் திறக்கும். இருபது ஆண்டுகளுக்கு முன் தமிழில் எழுதிய கடிதம் அவ்வாறு திறவாது. அதன் காரணத்தைச் சற்று விரிவாகக் கூறுவேன்.

கணினி எழுத்துக்களை எண்களாகவே அறியும். தொடக்கக் காலத்தில் தமிழுக்கென எண்கள் இல்லை. ஆகவே ஆங்கில எழுத்துக்குரிய எண்ணின்மேல் தமிழ் வடிவத்தை வரைந்து எழுத்துருக்களை ஆக்கினர். பரவலாக வழங்கிய பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்வோம். அதில் "அம்மா" என்று தட்டினால் கணினி சேமிப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து ஆங்கிலக் குறிகளையே. பாமினி எழுத்துரு உள்ள கணினியில் அது அம்மாவாகத் தோன்றும். இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்து வரிசையாகத் தோன்றும். இவ்வாறு ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு முறை வகுத்தது. தஸ்கி, டாப், டாம் எனக் குறியேற்றங்கள் பலவாயின. 1999இல் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாடு இக்குழப்பத்தைக் குறைக்க முயன்றது. தமிழ்99 விசைப்பலகை அதன் விளைவு. 1991 முதலே ஒருங்குறி முறையில் தமிழுக்கெனத் தனி எண்கள் இருந்தபோதிலும், 2000ஆம் ஆண்டில் வந்த விண்டோஸ் 2000 முதற்கொண்டே விண்டோஸ் கணினிகளில் அது வழக்குக்கு வரலாயிற்று. 2010இல் தமிழ்நாடு அரசும் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது.

இதனால் விளைவது யாது? 2003இல் பெரியவர் தட்டெழுதிய குடும்ப வரலாறு, பழைய எழுத்துருவில் இருக்கக்கூடும். பழைய கணினியில் அது நன்றாகத் தெரிவதால் எவருக்கும் ஐயம் எழாது. புதிய இயங்குதளத்தை ஏற்றித் தட்டைத் துடைத்த பின்னர்க் கோப்பைத் திறந்தால் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியும் கலந்த ஆங்கிலக் குப்பை தென்படும். கோப்பு கெட்டுவிட்டதென்று கருதி அதனை அழித்தோரும் உண்டு. கோப்பு கெடவில்லை. அதனைப் படிக்கும் கண்ணாடிதான் தொலைந்துபோயிற்று.

ஆகவே மாற்றத்துக்கு முன் மூன்று செயல்களைச் செய்தல் வேண்டும். ஒன்று, பழைய கணினியின் எழுத்துருக் கோப்புறையில் உள்ள தமிழ் எழுத்துருக்கள் யாவற்றையும் படியெடுத்தல். அவை சிறியன, ஒரு பென் டிரைவின் மூலையில் அடங்கும். இரண்டு, முக்கியமான தமிழ்க் கோப்புகளைப் பழைய கணினியிலேயே திறந்து, பி.டி.எஃப். வடிவில் அச்சிட்டுச் சேமித்தல். எழுத்துரு அதனுள்ளேயே பதிந்துவிடுமாதலால் எங்கும் கண்ணுக்குத் தெரியும். விண்டோஸ் 10இல் இதற்குரிய வசதி உள்ளமைந்ததே. மூன்று, அக்கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றுதல். இதற்கு இலவச மாற்றிகள் உண்டு. மூலக் குறியேற்றம் எது என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் நூறு பக்கங்களும் நொடியில் மாறும். ஆனால் ஓர் எச்சரிக்கை. கோப்பின் இடையே உண்மையான ஆங்கிலச் சொற்கள் இருந்தால் மாற்றி அவற்றையும் தமிழாக்கிவிடும். முகவரியும் ஊர்ப்பெயரும் சிதையும். ஆகவே மாற்றிய படியை மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். ஏட்டைப் பெயர்த்தெழுதியோரும் ஒப்புநோக்கியே எழுதினர். மூலக் கோப்பை எக்காரணம் கொண்டும் அழித்தல் கூடாது.

ஒருங்குறியிலேயே எழுதியவர்களுக்கும் ஒரு சிறு குறிப்பு. முன்பு விண்டோஸில் இயல்பாக இருந்த லதா எழுத்துரு, விண்டோஸ் 10 முதல் விருப்பத் தொகுப்பாகத் தனியே வைக்கப்பட்டது. எழுத்து மறையாது, வடிவமும் வரி அமைப்பும் மாறும். அமைப்புகள் பகுதியில் "தமிழ்த் துணை எழுத்துருக்கள்" என்னும் தொகுப்பைச் சேர்த்தால் பழைய தோற்றம் மீளும்.

படியெடுத்தல் முடிந்தபின் மாற்றத்துக்கு வருவோம். முதல் வகைக் கணினிக்கு இரு வழிகள் உண்டு. நிரல்களும் கோப்புகளும் இருந்த இடத்தில் இருக்க, அடித்தளத்தை மட்டும் மாற்றுவது ஒன்று. தட்டைத் துடைத்துப் புதிதாக நிறுவுவது மற்றொன்று. முன்னது எளிது, ஒவ்வாவிடில் பத்து நாட்களுக்குள் பழைய நிலைக்குத் திரும்பவும் வழியுண்டு. பின்னது தூயது, பல்லாண்டுக் குப்பை அகலும், ஆனால் திரும்ப வழியில்லை. முதலில் முன்னதைச் செய்து பார்த்து, கணினி தளர்வாக இயங்கினால் மட்டும் பின்னதை நாடுவது நலம்.

தில்லிக் கோடையில் மின்தடை நேர்வது அரிதன்று. மாற்றம் பாதியில் நிற்கையில் மின்சாரம் போனால் கணினி எழாமலே போகக்கூடும். ஆதலால் யு.பி.எஸ். இணைப்பு இன்றியமையாதது, மடிக்கணினியாயின் மின்னேற்றியைச் செருகிய வண்ணமே செய்தல் வேண்டும். மற்றொன்று: புதிய பதிப்புகள் தட்டு முழுவதையும் மறையெழுத்தாக்கிக் காக்கக்கூடியவை. அதற்குரிய 48 இலக்க மீட்பு எண் ஒன்று உண்டு. அதனைத் தாளில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வைத்தல் வேண்டும். பழுது நேர்ந்த நாளில் அவ்வெண் இல்லையேல், உரியவரே தம் கோப்புகளைத் திறக்க இயலாது.

இனி இரண்டாம் வகைக்கு நான் சொல்வதாகக் கூறிய நல்வழி. 1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் தோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கருவைக்கொண்டு எழுந்த இயங்குதளங்கள் பல உள்ளன. உபுண்டு, டெபியன், லினக்ஸ் மின்ட் என்பன அவற்றுட் சில. இவை விலையின்றிக் கிடைப்பன, டி.பி.எம். சில்லைக் கேளா, 4 ஜிகாபைட் நினைவகமுள்ள பத்தாண்டுக் கணினியிலும் செவ்வனே இயங்குவன. இது நம் நாட்டுக்குப் புதிய வழியுமன்று. சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய "பாஸ்" என்னும் லினக்ஸ் 2007இல் வெளிவந்தது. கேரளத்து அரசுப் பள்ளிகள் பல ஆண்டுகளாக லினக்ஸிலேயே பாடம் நடத்தி வந்துள்ளன.

இதன் தலையாய நன்மை, நிறுவாமலே சோதித்துப் பார்க்கலாம் என்பதே. ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கலாம். தட்டில் உள்ள எதையும் அது தொடாது. இணையம் வருகிறதா, ஒலி கேட்கிறதா, அச்சுப்பொறி பேசுகிறதா, தமிழ்99 முறையில் தட்டெழுத முடிகிறதா என்று ஒரு வாரம் பார்த்துவிட்டுப் பின்னர் முடிவு செய்யலாம். வாடகைக்கு முன் வீட்டில் சில நாள் தங்கிப் பார்க்கும் வாய்ப்பு யாருக்குக் கிடைக்கிறது?

குறைகளையும் மறைத்தல் ஆகாது. விண்டோஸுக்கென எழுதப்பட்ட கணக்கு மென்பொருள்கள் சில இதில் ஓடா. மின்கையொப்பக் கருவிகளும் விரல்ரேகைக் கருவிகளும் சில வேளை ஒத்துழையா. ஓய்வூதியர் ஆண்டுதோறும் அளிக்கும் வாழ்நாள் சான்றுக்கு விரல்ரேகைக் கருவியை நம்பியிருப்போர் இதனை முன்னரே பார்த்துக்கொள்ள வேண்டும். ஆயினும் 2021 முதல் கைப்பேசியில் முகத்தைக் காட்டியே அச்சான்றை அளிக்கும் வசதி வந்துவிட்டது. கடிதம் எழுதவும், கணக்குப் போடவும், வங்கிக்குச் செல்லவும், செய்தி படிக்கவும், பேரப்பிள்ளைகளோடு முகம் பார்த்துப் பேசவும் மட்டுமே கணினியைப் பயன்படுத்தும் இல்லத்துக்கு லினக்ஸ் போதுமானது.

எதை ஏற்றினும், பழைய கணினிக்கு ஒரு மருந்து உண்டு. சுழலும் வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. என்னும் அசையாத் தட்டைப் பொருத்துவதே அது. சுழலும் தட்டில் ஒரு கோப்பை நாடி முள் நகர்வதற்கு நொடியில் நூறில் ஒரு பங்கு ஆகும். நமக்கு அது சிறிது. ஆயிரமாயிரம் கோப்புகளைத் திறக்கும் கணினிக்குப் பெரிது. அசையாத் தட்டில் அக்காலம் அதனினும் நூறு மடங்கு குறையும். நினைவகத்தை 8 ஜிகாபைட்டாகவும் உயர்த்தினால், குப்பையென்று கருதிய கணினி மேலும் சில ஆண்டுகள் உழைக்கும். கழற்றிய பழைய தட்டை விற்றுவிடாமல் உறையிலிட்டு வைத்தால், அதுவே ஒரு படியாகவும் அமையும்.

இவ்வளவு பாடுபட்டுப் பழையதை ஏன் காக்க வேண்டும், புதியது வாங்கலாமே என்போர்க்கும் ஒரு சொல். வாங்க இயன்றவர் வாங்கலாம், அதில் குற்றமில்லை. ஆனால் பழையது எங்கே செல்கிறது என்பதையும் எண்ணுதல் வேண்டும். தில்லியின் சீலம்பூரில் கணினிப் பலகைகளை அமிலத்தில் ஊறவைத்தும், கம்பிகளை எரித்தும் செம்பும் பொன்னும் பிரிக்கும் தொழில் நெடுங்காலம் நடந்து வந்துள்ளது. அங்கு எழும் புகையில் காரீயமும் உண்டு. அதனைச் சுவாசிப்பவருள் சிறுவரும் உண்டு. மின்னணுக் கழிவைத் தயாரிப்பாளரே பொறுப்பேற்று முறையாக மறுசுழற்சி செய்ய வேண்டும் என 2022ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன; அவை 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தன. பழைய பொருள் வாங்குவோரின் தள்ளுவண்டியில் ஏற்றாமல், பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்ப்பது நம் கடமை. அதற்கு முன் தட்டில் உள்ளவற்றை முற்றும் அழித்தலும் வேண்டும். கோப்பைக் குப்பைத் தொட்டிக்கு அனுப்பினால் மட்டும் அது அழிவதில்லை. வாங்குவோர் மீட்டெடுத்து நம் வங்கி விவரங்களைப் படிக்க இயலும்.

இனி நாம் எண்ணிக்கொண்ட கிட்வாய் நகர் இல்லத்துக்கு வருவோம். அங்கே செய்யத்தக்கது இதுதான். இவ்வாரமே ஒரு தனி வன்தட்டு வாங்கிப் படியெடுத்தல். பெரியவரின் குடும்ப வரலாற்றை அவர் அருகில் இருக்கும்போதே பி.டி.எஃப். ஆகவும் ஒருங்குறியாகவும் மாற்றி, அவரையே ஒப்புநோக்கச் செய்தல். சிதைந்த ஊர்ப்பெயர் எதுவென்று அவரன்றி வேறு யாருக்குத் தெரியும்? அசையாத் தட்டைப் பொருத்துதல். பென் டிரைவில் லினக்ஸைச் சோதித்து, குறையில்லையெனக் கண்டபின் நிறுவுதல். மின்கையொப்பம் போன்ற தவிர்க்க இயலாத பணி இருப்பின், அதற்கெனத் தகுதியுள்ள வேறொரு கணினியை நாடுதல். இவை யாவும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முடியும் வேலை. பள்ளியில் படிக்கும் பேரனோ பேத்தியோ உடனிருந்தால் இன்னும் விரைவில் முடியும்; தட்டெழுதுகையில் தாத்தாவின் ஊரையும் அவர்கள் தெரிந்துகொள்வர்.

இயங்குதளங்கள் வரும், பத்தாண்டு வாழ்ந்து போகும். அடுத்த பத்தாண்டில் இதே கேள்வி மீண்டும் எழும். அப்பொழுது நம் கோப்புகள் பொதுத்தரமான ஒருங்குறியிலும், மூன்று படிகளிலும் இருக்குமாயின், எந்தக் கணினியை வாங்குவது என்பது ஒரு சிறு கடைக்கணக்காக மட்டுமே இருக்கும். ஆகவே நேயர்களே, திரையில் வரும் அறிவிப்பைக் கண்டு அஞ்சவும் வேண்டா. அதனை மூடிவிட்டு மறக்கவும் வேண்டா. முதலில் படியெடுங்கள். மற்றவை பின்னர்.